ஒரு விழுக்காடு, 49.5 சென்

மலேசியாவில் மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒருவர் வேலையிடத்தில் அடிபடுகிறார். காயம் ஆறிய பிறகு சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் மருத்துவ வாரியம் அவரைக் கூப்பிட்டுப் பார்த்து, அவருடைய நிரந்தர இயலாமை இத்தனை விழுக்காடு என்று எழுதுகிறது. அதில் ஒரு விழுக்காடு கூடினால் நாளொன்றுக்கு 49.5 சென் கூடும்; ஒரு விழுக்காடு குறைந்தால் அதே 49.5 சென் போகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 180 வெள்ளி 68 சென். இருபது ஆண்டு உயிரோடு இருந்தால் 3,613 வெள்ளி 50 சென். வாரியத்தின் தாளில் எழுதப்படும் ஒற்றை எண்ணின் பெறுமதி இது.

கணக்கு இப்படி வருகிறது. சொக்சோ சம்பளத்தை 100 வெள்ளிப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் நடுவிலுள்ள தொகையைச் சம்பளமாகக் கொள்கிறது. 1,600க்கு மேல் 1,700 வரை வாங்குபவருக்கு அது 1,650. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 55 வெள்ளி. தற்காலிக இயலாமைக்கு அதில் 80 விழுக்காடு, அதாவது 44 வெள்ளி. நிரந்தர முழு இயலாமைக்கு 90 விழுக்காடு, 49 வெள்ளி 50 சென். உடலில் ஒரு பகுதி மட்டும் பாதிக்கப்பட்டால் இந்த 49.50ஐ வாரியம் சொல்லும் விழுக்காட்டால் பெருக்க வேண்டும். இதற்கெல்லாம் தொழிலாளி கட்டும் சந்தா சம்பளத்தில் அரை விழுக்காடு: மாதம் 8 வெள்ளி 25 சென், ஆண்டுக்கு 99 வெள்ளி. முதலாளி கட்டுவது 1.75 விழுக்காடு, 29 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு.

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், நம் ஊர் வழக்கில் சொக்சோ சட்டம், 1971இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை மனித உடலைக் கணு கணுவாக எண்ணி வைத்திருக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30. அதன் நுனிக்கணு மட்டும் போனால் 20. ஆள்காட்டி விரல் முழுதும் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு தப்பி நுனிச்சதை மட்டும் போனால் 5. நடுவிரலுக்கு 12, 9, 7, 4. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் 7, 6, 5, 2. ஒரு கண்ணின் பார்வை போனால் 30. இரண்டு கையும் போனால் 100. இந்தியாவின் 1948ஆம் ஆண்டு ஊழியர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டத்தைப் புரட்டினால் விரல்களுக்கு இதே எண்கள் நிற்கும். கோயம்புத்தூர் பஞ்சாலையில் போன கட்டைவிரலுக்கும் சுங்கை சிப்புட்டில் பால் வெட்டும்போது போன கட்டைவிரலுக்கும் ஒரே 30.

வெள்ளிக்கு மாற்றிப் பார்ப்போம். கட்டைவிரல் முழுதும் என்றால் நாளுக்கு 14.85, முப்பது நாள் மாதத்துக்கு 445.50. நுனிக்கணு மட்டும் என்றால் நாளுக்கு 9.90, மாதத்துக்கு 297. ஆள்காட்டி விரலுக்கு நாளுக்கு 6.93. சுண்டு விரலுக்கு மூன்றரை வெள்ளிக்கும் குறைவு. இதற்குள் ஒரு கோடும் ஓடுகிறது. 20 விழுக்காடு வரை என்றால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளலாம். 20ஐத் தாண்டினால் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மொத்தமாக எடுக்க வழி உண்டு. மிச்சம் சாகும்வரை மாதா மாதம் வரும். கட்டைவிரல் போனவர் அந்த ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டாலும் மாதம் 356 வெள்ளி 40 சென் வந்துகொண்டிருக்கும். 20க்கும் 21க்கும் இடையில் இருப்பது ஒரு விழுக்காடுதான். ஆனால் ஒருவருக்கு வாழ்நாள் வரும்படி. இன்னொருவர் கையில் மொத்தமாக விழும் தொகை மகள் கல்யாணத்திலோ வீட்டுக் கூரையிலோ கரைந்துவிடலாம்.

விரல் போனது யாருக்கும் தெரியும். அதை அளக்கப் பெரிய வாதம் தேவையில்லை. ரப்பர் தோட்டத்து உடம்பை வேறு இடங்கள் தின்றன. அதிகாலை இருட்டில் தலைவிளக்கோடு மலைச்சரிவில் ஏறி, ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து நிமிர்ந்து, காண்டாக் கம்பில் இரண்டு பால் வாளியைத் தோளில் தூக்கி ஸ்டோருக்கு நடந்தவர்களின் முதுகும் முழங்காலும் எந்த அட்டவணையிலும் இல்லை. அங்கே வாரியம்தான் மதிப்பிட வேண்டும். மதிப்பிடுவதற்கு டாக்டர் எழுதியது வேண்டும், எக்ஸ்ரே வேண்டும், எந்த நாளில் எப்படி விழுந்தார் என்ற அறிக்கை வேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. சரிவில் வழுக்கி விழுந்தவருக்குத் தோட்டத்து டிரெசர் தைலம் தடவி, மறுநாள் காலைப் பெரட்டுக்கு வரச் சொல்லி அனுப்பிய காலத்தில் அந்த 48 மணி நேரத்தை யார் எண்ணினார்கள்?

மருத்துவ விடுப்பிலும் ஒரு கோடு இருக்கிறது. விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்.சி. இருந்தால்தான் தற்காலிக இயலாமைப் படி. டாக்டர் 3 என்று எழுதினால் ஒரு சென்னும் இல்லை. 4 என்று எழுதினால் கூலி வாங்காத நாள் ஒவ்வொன்றுக்கும் 44 வெள்ளி. அந்த மூன்று நாள் சீட்டால் பணம் மட்டும் போகவில்லை. பின்னாளில் முதுகுவலி முற்றி வாரியத்தின் முன் போகும்போது 'இது அன்றைக்கு விழுந்ததால் வந்தது' என்று காட்டும் முதல் தாளும் சேர்ந்து போகிறது.

மருந்தடித்த பெண்களின் கணக்கு இதைவிடக் கசப்பு. தோட்டப்புறத்தில் களைக்கொல்லி தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் களைக்கொல்லிகளில் ஒன்றான பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசாங்கம் 2002இல் முடிவெடுத்தது. 2006இல் அந்த முடிவைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி 1இல்தான் தடை வந்தது. முடிவுக்கும் தடைக்கும் இடையே 17 ஆண்டுக்கு மேல் போயிற்று. சொக்சோ சட்டத்தில் தொழில்சார் நோய்களுக்குத் தனி அட்டவணை உண்டு. அதைப் பார்க்கத் தனி மருத்துவ வாரியமும் உண்டு. ஆனால் எந்த ஆண்டு, எந்த மருந்து, வாரத்தில் எத்தனை நாள், கையுறை இருந்ததா, மூக்கில் இரத்தம் வந்தபோது எந்தக் கிளினிக்கில் காட்டினார் என்று எழுதி வைத்தவர் கிடையாது. மருந்து டின்னின் மேல் என்ன எழுதியிருந்தது என்பதையே பலரால் படிக்க முடிந்ததில்லை. அட்டவணையில் நோய் இருக்கிறது. அந்த நோய்க்கும் வேலைக்கும் இடையில் இருக்க வேண்டிய தாள்தான் இல்லை.

சம்பளப் பதிவுக்கு வருகிறேன். பேராக் மாநிலத்தில் மிக அதிகமாகப் பணம் ஒழுகுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். நிரந்தர இயலாமைப் படி, விபத்துக்கு முந்தைய 6 மாதச் சம்பளத்தின் சராசரியில் நிற்கிறது. உண்மையில் 1,700 வெள்ளி கொடுக்கும் குத்தகைக்காரர், பாதி நாள் வேலை என்று காட்டி 900 வெள்ளிக்கு மட்டும் சொக்சோ கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கருதப்படும் சம்பளம் 850. நாளுக்கு 28.33, அதில் 90 விழுக்காடு 25.50. சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சம் 30 வெள்ளி என்பதால் 30 ஆகக் கொள்ளப்படும். ஒரு விழுக்காட்டின் பெறுமதி 49.5 சென்னிலிருந்து 30 சென்னுக்கு இறங்கிவிட்டது. கட்டைவிரல் போனால் நாளுக்கு 14.85க்குப் பதில் 9 வெள்ளி. நாளுக்கு 5.85 நட்டம், ஆண்டுக்கு 2,135 வெள்ளி 25 சென். குறைத்துக் காட்டியதால் தொழிலாளியின் சந்தாவில் மிச்சமானது எவ்வளவு? 8.25க்கும் 4.25க்கும் உள்ள வித்தியாசம், மாதம் 4 வெள்ளி. 'உனக்கும் பிடித்தம் குறையுதே' என்று சொல்லித்தான் இது நடக்கிறது.

தோட்டத்தில் இருந்தவரை பதிவு என்று ஒன்றாவது இருந்தது. கிராணியின் செக்ரோலில் பெயர் ஏறினால் அன்றைய கூலி உண்டு, ஏறாவிட்டால் இல்லை. அந்தப் புத்தகம் தொழிலாளிக்கு எதிராகவும் பயன்பட்டது என்பதை மறுக்கவில்லை. மழை பெய்தால் வேலை இல்லை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மரம் இலை உதிர்த்துப் பால் குறைந்தால் வரும்படியும் குறைந்தது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் போராடி 350 வெள்ளி மாதச் சம்பளத்தைப் பெற்றதே 2003இல்தான். நாட்டின் முதல் குறைந்தபட்சச் சம்பளமாகத் தீபகற்பத்தில் 900 வெள்ளி வந்தது 2013இல். அதுவரை கூலி என்பது வெட்டிய பாலுக்கும் பெய்த மழைக்கும் ஏற்ப ஆடிய எண். ஆனாலும் எண் இருந்தது.

எல்பில், டோவன்பி, கமுனிங் என்று சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்ற தோட்டங்களின் பிள்ளைகள் ஈப்போவுக்கு வந்தார்கள். புந்தோங், சிலிபின், மெங்லெம்பு வட்டாரத்தில் குடியேறி, பாதுகாவலராக, துப்புரவுப் பணியாளராக, லாரி உதவியாளராக, புல்வெட்டுபவராக வேலைக்குப் போனார்கள். செக்ரோல் போயிற்று. அதன் இடத்தில் மாதக் கடைசியில் உறையில் வைத்துக் கொடுக்கும் ரொக்கம் வந்தது. உறையின் மேல் எதுவும் எழுதியிருக்காது.

இது ஓய்வூதியத்தில் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். வேலையில் அடிபடாமல் சர்க்கரை, இருதயம், பக்கவாதம், சிறுநீரகம் என்று ஏதோ ஒன்றால் உழைக்க முடியாமல் போனவருக்கு சொக்சோவில் இன்னொரு திட்டம் உண்டு. நல்ல உடம்போடு இருப்பவர் வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சம்பாதிக்க முடியாதவர் 60 வயதுக்கு முன் விண்ணப்பித்தால் இயலாமை ஓய்வூதியம். முழுத் தகுதிக்கு இரண்டு வழி: விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சந்தா தொடங்கிய நாளிலிருந்து எண்ணி மூன்றில் இரண்டு பங்கு மாதங்கள் கட்டியிருக்க வேண்டும். முழுத் தகுதி இருந்தால் சம்பளத்தில் 50 விழுக்காடு, 24 மாதத்துக்கு மேல் கட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஒரு விழுக்காடு கூடும், உச்சம் 65. மூன்றில் ஒரு பங்கு மாதம் மட்டும் தேறினால் குறைந்த தகுதி, வெறும் 50.

1990இல் தோட்டத்தில் பெயர் பதிந்த ஒருவர் 35 ஆண்டு, அதாவது 420 மாதம் கழித்து விண்ணப்பிக்கிறார். மொத்தம் 202 மாதம் கட்டியிருக்கிறார். கடைசி 40 மாதத்தில் 24 இருந்தால் அவருக்கு 64 விழுக்காடு: 1,650இல் 1,056 வெள்ளி. அந்த 24இல் இரண்டு மாதத்தைக் குத்தகைக்காரர் கட்டாமல் விட்டார் என்றால், 40க்கு 22. முதல் வழி அடைபட்டது. இரண்டாவது வழிக்கு 280 மாதம் வேண்டும், அவரிடம் 200தான். 140ஐத் தாண்டியதால் குறைந்த தகுதி மட்டும்: 825 வெள்ளி. இரண்டு மாதத்துக்கு அவர் பங்காக வர வேண்டிய சந்தா 16 வெள்ளி 50 சென். அது கட்டப்படாததால் மாதம் 231 வெள்ளி, ஆண்டுக்கு 2,772 வெள்ளி போகிறது. அந்த இரண்டு மாதமும் அவர் வேலை செய்தார். நிரூபிக்கச் சம்பளச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லை.

இனி வாரியத்தின் முன் நடப்பது. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள். இந்தப் பக்கம் 40 ஆண்டு 'தொர' முன்னால் தலை குனிந்து நின்று பழகிய மனிதர். தோட்டத்தில் முடியாது என்று சொன்னவனுக்கு மறுநாள் வேலை இருந்ததில்லை. நடக்க முடிகிறதா என்று கேட்டால் 'முடியும் டாக்டர்' என்றுதான் வாயில் வரும். பக்கத்தில் நிற்கும் மகள், 'அப்பா, பஸ் ஸ்டாப் வரைக்கும் போறதுக்குள்ள மூணு தடவ உக்காருறீங்களே, அதச் சொல்லுங்க' என்று மெதுவாகச் சொல்வாள். அப்பா சொல்ல மாட்டார். தாளில் 'நடக்கிறார்' என்று ஏறும். எத்தனை மீட்டர், எத்தனை தடவை நின்று, அடுத்த நாள் எழுந்திருக்க முடிந்ததா என்பது ஏறாது.

டாக்டர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் முன் வரிசையாக ஆட்கள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தில் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் ஒருவரின் மீதி வாழ்நாளுக்கு வரும்படியாக மாறுகிறது என்பதால்தான் அங்கே பேசப்பட்டது பேசப்பட்டபடி பதிவாக வேண்டும் என்கிறேன்.

பிரிட்டனில் இந்தச் சண்டை பல ஆண்டு நடந்தது. அங்கே 2013 ஏப்ரலில் பி.ஐ.பி. என்ற உடற்குறைப் படி வந்தது. புள்ளிக் கணக்கு: 8 புள்ளி என்றால் சாதாரணப் படி, 12 என்றால் உயர்ந்த படி. நடக்கும் தூரத்துக்கு மட்டும் பாருங்கள். 50 மீட்டருக்கு மேல் 200 வரை நடப்பவருக்கு 4 புள்ளி. எதையும் பிடிக்காமல் 20க்கு மேல் 50 மீட்டர் வரை நடப்பவருக்கு 8. ஊன்றுகோல் வைத்து அதே தூரம் என்றால் 10. 20 மீட்டருக்குள் நின்றுவிட்டால் 12. மதிப்பீட்டாளர் எந்த மீட்டரை எழுதினார் என்பதே தீர்ப்பு. தாங்கள் சொன்னது வேறு, அறிக்கையில் இருப்பது வேறு என்று ஆயிரக்கணக்கானோர் முறையிட்டார்கள். ஒலிப்பதிவு செய்யலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு ஒத்த பிரதிகள் எடுக்கும் கருவியை விண்ணப்பதாரரே கொண்டுவர வேண்டும், கைபேசி கூடாது என்று ஆரம்பத்தில் நிபந்தனை வைத்தார்கள். நடக்க முடியாதவர் எங்கே போய் அப்படி ஒரு கருவியை வாங்குவார்? 2018இல் நாடாளுமன்றக் குழு ஒன்று, பதிவு செய்வதையே வழக்கமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த ஆண்டுகளில் தீர்ப்பாயம் வரை போன பி.ஐ.பி. முறையீடுகளில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு விண்ணப்பதாரருக்குச் சாதகமாக முடிந்தன. இப்போது கேட்டால் மதிப்பீட்டு நிறுவனமே பதிவு செய்து தருகிறது.

நம் பக்கம் சொக்சோவுக்கு வெளியே இன்னொரு கதவு இருக்கிறது, சமூக நல இலாகா. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அந்த ஆண்டு ஜூலை 7இல் அமலுக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டைக்கு ஏழு பிரிவு: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை. பதிவது கட்டாயமில்லை. 2022 முடிவில் பதிந்தவர்கள் 6 லட்சத்துக்கு மேல். மக்கள்தொகையில் சுமார் 2 விழுக்காடு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வோ பெரியவர்களில் 11.1 விழுக்காட்டினருக்கு, அதாவது ஒன்பதில் ஒருவருக்கு, பார்க்க, கேட்க, நடக்க, நினைவு கொள்ள என ஏதோ ஒன்றில் கடும் சிரமம் இருக்கிறது என்றது. இரண்டின் அளவுகோலும் வேறு, ஒன்றோடொன்றைக் கழித்துப் பார்ப்பது சரியாகாது. ஆனாலும் இடைவெளி சின்னதல்ல. தோட்டத்து வயதானவர்களில், 'கார்டு எடுத்தா ஊனம்னு முத்திர குத்திடுவாங்க' என்று பயப்படுபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் கட்டணமில்லை. இல்லாவிட்டால் வெளிநோயாளிக்கு ஒரு வெள்ளி, நிபுணருக்கு 5 வெள்ளி. அட்டைக்கு கே.டி.எம். ரயிலில் பாதிக் கட்டணம்.

உதவித்தொகை: 2021 வரவு செலவுத் திட்டத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிக்கு மாதம் 450, வேலை செய்ய முடியாதவருக்கு 300, படுத்த படுக்கையானவரைப் பராமரிப்பவருக்கு 500 என்று உயர்த்தினார்கள். வேலை செய்ய முடியாதவருக்கு ஆண்டுக்கு 3,600. 2022இல் ஒரு குடும்பத்துக்கான வறுமைக் கோடு மாதம் 2,589 வெள்ளி; 300 என்பது அதில் 11.6 விழுக்காடு. சொக்சோவில் முழு இயலாமை என்று சான்று பெற்று, எந்நேரமும் ஒருவர் துணை வேண்டும் என்று வாரியம் எழுதினால், ஓய்வூதியத்துக்கு மேல் மாதம் 500 தனியாகக் கிடைக்கும். இதற்கும் வாரியம் எழுதியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கோடு 40இல் இருக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி 40 விழுக்காடு என்று சான்று இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள்; கடும் பாதிப்புக்கான பராமரிப்பு உதவித்தொகை அங்கே 2023இல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. எங்கே போனாலும் ஒரு கோடு, அதன் ஓரத்தில் ஓர் எண்.

வாரியத்துக்குப் போய்வரும் செலவையும் எழுதிப் பார்க்கலாம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போகவர 60 கிலோமீட்டர்; பழைய காரில் 5 லிட்டர், ஏறத்தாழ 10 வெள்ளி. கூடப் போகும் மகள் ஒரு நாள் வேலையை விட்டால் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் 65.38. இருவர் சாப்பாடு, தண்ணி 20. மொத்தம் 95.38. கிளினிக், நிபுணர், தாள் கொடுக்க, வாரியம் என்று நான்கு தடவை போனால் 381.52. ஆள்காட்டி விரலுக்கு வரும் 6.93இல் இது 55 நாள் வரும்படி. ஒரு விழுக்காடு கூட்டிக் கேட்டு மேல்முறையீடு செய்யவும் இதே நான்கு பயணம் என்றால், கூடிய 49.5 சென் அந்தச் செலவை ஈடுகட்ட 771 நாள் ஆகும். 'போனது போகட்டும்' என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுவதற்குச் சோம்பல் காரணமில்லை.

சட்டம் விரிந்திருக்கிறது என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். ஈப்போ பாராட் நாடாளுமன்ற உறுப்பினர் மு. குலசேகரன் மனிதவள அமைச்சராக இருந்தபோது, 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்தார்கள். 2024 ஜூலை முதல் இயலாமைத் திட்டத்துக்குள்ளும். நம் பெற்றோர் நின்ற நிரைகளில் இன்று நிற்பவர்கள் அவர்கள். வாரியத்தின் முன் மொழி தெரியாமல் தலையாட்டப் போவதும் அவர்கள்தான். புந்தோங்கில் கச்சான் வறுத்து விற்பவர் போன்ற சுயதொழிலாளிக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதல் திட்டம் ஆண்டுக்கு 157 வெள்ளி 20 சென். 55 வயதுக்குட்பட்ட இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பரிலிருந்து ஆண்டுக்கு 120 வெள்ளியில் ஒரு திட்டம். வீட்டு வேலையில் விழுந்து இடுப்பு உடைந்தாலும் அது பேசும். மலாக்காவில் 2014இல் திறந்ததைப் போல ஈப்போ மேரு ராயாவிலும் சொக்சோ பெரிய மறுவாழ்வு மையம் எழுப்பியிருக்கிறது. இவ்வளவு செய்யும் நாட்டுக்கு இன்னொன்றும் செய்ய முடியும்.

வாரிய அறையில் பேசுவதை ஒலிப்பதிவு செய்ய என்ன செலவாகும்? பேச்சுக்குப் போதுமான தரத்தில், வினாடிக்கு 64 கிலோபிட் என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு 28.8 மெகாபைட். ஒருவருக்கு 20 நிமிடம் என்றால் 9.6. ஆயிரம் பேரின் பேச்சு 9.6 கிகாபைட், 16 கிகாபைட் பென்டிரைவ் ஒன்றில் அடங்கிவிடும். கடையில் அது 20, 30 வெள்ளி. ஒரு தொழிலாளியின் ஒரு விழுக்காடு 60 நாளில் 29 வெள்ளி 70 சென் என்பதை இதன் பக்கத்தில் வைக்கிறேன். பதிவை வாரியமே எடுக்கட்டும். ஒரு பிரதி தொழிலாளியிடம் கொடுக்கட்டும். டாக்டருக்கும் அது பாதுகாப்பு. தமிழ், வங்காளம், இந்தோனேசிய மொழிகளில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தொலைபேசியிலாவது இருக்கட்டும்.

அது வரும்வரை வீட்டில் ஒரு நோட்டுப்புத்தகம் போதும். தேதி, எங்கே வலி, எத்தனை அடி நடந்து உட்கார்ந்தார், இரவில் எத்தனை தடவை எழுந்தார், சட்டைப் பொத்தான் போட யார் உதவினார்கள், எந்தக் கிளினிக், எத்தனை நாள் எம்.சி. இதை மகனோ மகளோ எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். வாரியத்துக்குப் போகும் முன் அதிலிருந்து பத்து வரியை மலாயில் தட்டெழுதி இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மேசையில் வையுங்கள். மற்றதில் 'கொடுக்கப்பட்டது' என்று தேதி போட்டு முத்திரை கேளுங்கள். நடக்க முடிகிறதா என்றால் பதில் அந்தத் தாளில் மீட்டராக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு தடவை சொக்சோ அலுவலகத்தில் சந்தாப் பதிவைக் கேட்டு வாங்கி, விட்டுப்போன மாதங்களைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். சீட்டு தராத குத்தகைக்காரரிடம் வாட்ஸாப்பிலாவது 'இந்த மாதச் சம்பளம் 1,700 கிடைத்தது' என்று ஒரு வரி அனுப்பி, அவர் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரியத்தின் முடிவு தபாலில் வரும். விழுக்காடு குறைவு என்று பட்டால் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்குப் போக 90 நாள் உண்டு. முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. ஆகவே உறையைப் பிரித்ததும் அதன் மேலேயே அன்றைய தேதியை எழுதுங்கள். 90ஆம் நாள் எது என்று நாள்காட்டியில் வட்டம் போடுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு வட்டம் போட்டு, நிபுணரின் புதிய அறிக்கையை அந்த நாளுக்குள் கேட்டு வாங்குங்கள்.